வந்து செல்வோரும் உடனிருப்போரும்

நுழையும்முன்

பிறருக்கு உதவும் எண்ணம் இளமையில் இயல்பாகத் தோன்றுவது. அவ்வெண்ணம் குழந்தைகளை நோக்கித் திரும்பும்போது அதனோடு கூடுதல் பொறுப்பும் வந்து சேர்கிறது. எத்தனை நாள் உதவுவது, எந்த மொழியில் பழகுவது, உதவியவர் ஊர் திரும்பியபின் அக்குழந்தைக்கு எஞ்சுவது எது என்னும் வினாக்களை எழுப்பிப் புதுக்கோட்டை மண்ணில் விடை தேடுகிறது இப்பாடம்.

கென்ய நாட்டின் தலைநகரான நைரோபியில் கிபேரா என்றொரு குடியிருப்பு உண்டு. துருவேறிய தகரக் கூரைகள் நெருங்கி நிற்கும் அப்பகுதியை ஊடறுத்துக்கொண்டு உகாண்டாவை நோக்கிய இருப்புப்பாதை செல்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர் பலர், கல்லூரியில் சேருமுன் கிடைக்கும் இடைவெளியில், கிபேரா போன்ற பகுதிகளுக்குச் சென்று குழந்தைகளிடையே தொண்டு செய்கின்றனர். இவர்களை அழைத்துச் செல்வதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. இளைஞர் கட்டணம் செலுத்துகிறார், இரண்டு வாரமோ நான்கு வாரமோ தங்குகிறார், ஆங்கிலப் பாடல்கள் கற்பிக்கிறார், வகுப்பறைச் சுவருக்கு வண்ணம் பூசுகிறார், குழந்தைகளோடு படமெடுத்துக்கொள்கிறார், விமானம் ஏறுகிறார். அடுத்த வாரம் அதே வகுப்பறைக்கு இன்னொருவர் வருகிறார். அதே பாடல் மீண்டும் தொடங்குகிறது.

அவ்விளைஞர்களின் நல்லெண்ணத்தை ஐயுறுவதற்கில்லை. ஆயினும் ஒரு வினா எழுகிறது. ஆசிரியப் பயிற்சி பெறாத, வகுப்பிலுள்ள குழந்தைகளின் தாய்மொழியில் ஒரு தொடர்கூடப் பேச இயலாத பதினெட்டு வயதினர் ஒருவர், தம் சொந்த நாட்டுப் பள்ளியில் வகுப்பெடுக்க இசைவு பெறுவாரா? பெறமாட்டார். அங்கே இல்லாத தகுதி ஏழை நாட்டிற்குச் சென்றவுடன் எங்கிருந்து வந்தது? ஏழைக்கு எது கிடைத்தாலும் நன்றே என்னும் எண்ணம்தான் அத்தகுதியை வழங்குகிறது. இவ்வெண்ணம் வெளிநாட்டினருக்கு மட்டும் உரியதன்று. தம் வீட்டுப் பிறந்தநாளைக் குழந்தைகள் இல்லத்தில் கொண்டாடி, ஒருவேளை உணவளித்து, குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து, அன்றிரவே சமூக ஊடகத்தில் பதிவிடும் வழக்கம் தமிழ்நாட்டிலும் பெருகியிருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை அடையாளம் தெரியுமாறு ஊடகங்களில் வெளியிடுவதை இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 தன் 74ஆம் பிரிவில் தடை செய்துள்ளது. இதனை அறிந்தவர் சிலரே.

மரமும் குழந்தையும்

குறுகிய காலத் தொண்டு எல்லாமே பயனற்றது என்று கூறுவது பிழையாகும். 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம் பகுதிகளில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல சிற்றூர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது வெளியூர்களிலிருந்து இளைஞர்கள் மரம் அறுக்கும் இயந்திரங்களோடும் தார்ப்பாய்களோடும் மெழுகுவத்திகளோடும் வந்தனர். மின்வாரியப் பணியாளர்கள் பிற மாவட்டங்களிலிருந்து வந்து வயல்களுக்குள் மின்கம்பங்களைத் தூக்கி நிறுத்தினர். அவர்களுள் பெரும்பாலோர் சில நாள்களில் திரும்பிவிட்டனர். அதனால் எவருக்கும் இழப்பு நேரவில்லை. சாலையில் விழுந்த மரத்தை அகற்றியவர் யார், அவர் மறுநாள் வருவாரா என்பது சாலைக்குத் தேவையற்ற செய்தி.

குழந்தை அப்படியன்று. தன்னைத் தூக்கிக் கொஞ்சியவரை அது நினைவில் வைத்திருக்கிறது, மறுநாள் தேடுகிறது. ஆங்கிலேய உளநல அறிஞர் ஜான் பவுல்பி, 1951இல் உலக சுகாதார நிறுவனத்திற்காக எழுதிய அறிக்கையில், குழந்தையின் மனநலத்திற்குத் தாயிடமோ தாய்க்கு நிகரான ஒருவரிடமோ நெருக்கமான, தொடர்ந்த உறவு இன்றியமையாதது என்று வலியுறுத்தினார். பெற்றோரைப் பிரிந்த குழந்தையிடம் சில வாரங்கள் அன்பு காட்டிவிட்டு விலகுவதும், அவ்வாறு விலகுவோர் ஒருவர்பின் ஒருவராக வந்துகொண்டே இருப்பதும், ஆறாத புண்ணைக் கீறிக்கொண்டே இருப்பதற்கு ஒப்பாகும். முன்பின் அறியாதவரைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் இல்லக் குழந்தையைக் கண்டு, 'எவ்வளவு அன்பான குழந்தை' என்று வந்தவர் மகிழ்கிறார். குழந்தை வளர்ச்சியை அறிந்தவர்கள் அதைக் கண்டு கவலைகொள்கின்றனர்.

இதைவிடக் கொடிய விளைவும் உண்டு. கம்போடியாவில் சுற்றுலாப் பயணியரின் நன்கொடையையும் தொண்டர்களின் கட்டணத்தையும் நம்பி ஆதரவற்றோர் இல்லங்கள் பெருகின. அவ்வில்லங்களில் வாழ்ந்த குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிருடன் இருந்தனர் என்பது 2011இல் யுனிசெஃப் துணையோடு நடந்த ஆய்வில் வெளிப்பட்டது. ஆதரவற்றோரைத் தேடி வந்தவர்களின் ஆர்வமே, ஆதரவுள்ள குழந்தைகளையும் வீட்டிலிருந்து பிரித்து இல்லங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை குழந்தை உரிமைகள் குறித்து நிறைவேற்றிய தீர்மானம், சுற்றுலாவின் பகுதியாக இல்லங்களில் நடைபெறும் தொண்டுப் பணிகளால் நேரும் கேடுகளைத் தடுக்குமாறு உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

வெளியார் என்பது குறையன்று

தொண்டர் வெளிநாட்டவராக இருப்பதுதான் சிக்கல் என்று இதனைச் சுருக்கிவிடக் கூடாது. அமெரிக்கா 1961இல் தொடங்கிய பீஸ் கார்ப்ஸ் அமைப்பு, தன் தொண்டர்களுக்குச் செல்லும் நாட்டின் மொழியில் பயிற்சியளித்து இரண்டாண்டுக் காலத்திற்கு அனுப்பியது. இந்தியாவிலும் 1976 வரை அவர்கள் பணியாற்றினர். இரண்டாண்டு போதுமா என்பது விவாதத்திற்குரியது. இரண்டு வாரத்தோடு அதனை ஒப்பிட இயலாது என்பதில் ஐயமில்லை.

இராணிப்பேட்டையில் அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் ஐடா ஸ்கடரின் வாழ்வு இன்னும் தெளிவான சான்று. 1900ஆம் ஆண்டு வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கிய அவர், தாம் ஒருவரே எல்லா நோயாளிகளையும் பார்த்துவிட முடியும் என்று எண்ணவில்லை. 1909இல் செவிலியர் பயிற்சியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். இந்நாட்டுப் பெண்கள் மருத்துவர்களாக வெளிவந்தனர். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வேலூரில் அப்பணி தொடர்வதற்கு அவர் உருவாக்கிய மனிதர்களே காரணம்.

புதுக்கோட்டையின் அறிவொளி

1974 சனவரி 14ஆம் நாள் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளை இணைத்துப் புதுக்கோட்டை மாவட்டம் உருவாக்கப்பட்டது. வானம் பார்த்த பூமி, மழை பெய்தால் நிறையும் கண்மாய்கள், இடையிடையே பாறைகள். வேளாண் கூலி வேலை, கல் உடைத்தல், செயற்கை மணிக்கற்களுக்குப் பட்டை தீட்டுதல் ஆகியவை எளிய மக்களின் பிழைப்பு. அவ்வேலைகளில் ஈடுபட்ட பெண்களுள் மிகப் பலர் பள்ளிக்கூட வாயிலை மிதியாதவர்கள். கூலி பெறும்போதும் கடன் வாங்கும்போதும் நீட்டப்பட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலேயே கட்டைவிரல் பதித்தவர்கள்.

1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அவ்வெற்றியைக் கண்டு பல மாவட்டங்கள் அவ்வழியை மேற்கொண்டன. புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். அறிவியல் இயக்கத்தினர், ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், நாடகக் கலைஞர்கள் ஒன்றுகூடினர். கலைப்பயணக் குழுக்கள் ஊர்தோறும் சென்று பாட்டாலும் வீதி நாடகத்தாலும் மக்களைத் திரட்டின.

ஆனால், பாடிவிட்டுச் சென்ற குழுக்களால் மட்டும் எழுத்தறிவு பரவிவிடவில்லை. கற்பித்தவர் அந்தந்த ஊரில் பிறந்து, அந்தந்தத் தெருவிலேயே வாழ்ந்தவர். எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள், வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்கள் ஆகியோரே தொண்டர்கள். ஊதியம் கிடையாது. பகலெல்லாம் களை பறித்துவிட்டோ கல் உடைத்துவிட்டோ வந்து, உலை வைத்து, குழந்தைகளுக்குச் சோறூட்டி முடித்தபின்னரே கற்போர் வருவர். திண்ணையிலும் கோயில் முற்றத்திலும் தெருவிளக்கின் அடியிலும் வகுப்புகள் நடந்தன. கற்பிப்பவளுக்குக் கற்பவர் அத்தையாகவோ மதினியாகவோ பக்கத்து வீட்டு ஆச்சியாகவோ இருந்தார்.

இவ்வுறவின் பயனை எந்தப் பயிற்சிக் கையேடும் தந்துவிட முடியாது. ஒருத்தி இரண்டு நாள் வகுப்பிற்கு வரவில்லை என்றால், பிள்ளைக்குக் காய்ச்சலா, கூலி கிடைக்காத சோர்வா, கணவன் தடுத்துவிட்டானா என்பது கற்பிப்பவளுக்குத் தெரியும். மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியிலேயே அவளைக் கண்டு பேசிவிட முடியும். வெளியிலிருந்து வந்த ஒருவர் எவ்வளவு படித்தவராயினும், வராதவரின் பெயருக்கு எதிரே வருகைப் பதிவேட்டில் ஒரு குறி இடுவதன்றி வேறென்ன செய்ய இயலும்?

எழுத்தும் வாழ்விலிருந்தே எடுக்கப்பட்டது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே, கற்போரின் அன்றாடப் போராட்டத்தில் புழங்கும் சொற்களைக் கொண்டே எழுத்தறிவைத் தொடங்க வேண்டும் என்றார். அச்சிந்தனையின் தாக்கம் அறிவொளிப் பாடங்களிலும் உண்டு. 'பட்டா' என்னும் சொல்லைப் படிக்கத் தெரிந்த பெண், தன் குடும்ப நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கத் தொடங்குகிறாள். கைநாட்டு வைத்த விரல்கள் மனுவின் அடியில் கையொப்பமிட்டன. கல் குவாரிகளில் கூலிகளாக இருந்த பெண்கள் குழுக்களாகத் திரண்டு, அரசின் ஆதரவோடு குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் இக்காலத்தில்தான்.

எவரும் எதிர்பாராத ஒரு மாற்றம் மிதிவண்டியால் வந்தது. மிதிவண்டி ஓட்டக் கற்பதையும் எழுத்தறிவின் ஒரு பகுதியாக இயக்கம் ஏற்றுக்கொண்டது. பெண்கள் மிதிவண்டி வாங்க வங்கிகள் கடன் வழங்கின. சிற்றூர்ப் பெண்களுள் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் மிதிவண்டி ஓட்டக் கற்றனர் என்றும், 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிப் பேரணிகளிலும் போட்டிகளிலும் பங்கேற்றனர் என்றும் இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பெண்களுக்கான மிதிவண்டிகள் போதாமற்போனபோது ஆண்களுக்கான வண்டிகளையே அவர்கள் ஓட்டினர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காக அவ்வண்டியையே விரும்பிய தாய்மாரும் இருந்தனர். பேருந்துக்காகக் காத்திராமல் தண்ணீர் எடுக்கவும், விளைபொருளை விற்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் அவர்களால் முடிந்தது. முதலில் ஓட்டியவர்கள் கேலியைச் சந்திக்காமல் இல்லை. ஆயினும், அடுத்த வீட்டுப் பெண்ணும் ஓட்டத் தொடங்கியபின் கேலி செய்தவர்களின் குரல் அடங்கியது. வெளியூரார் ஒருவர் வந்து பத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துச் சென்றிருந்தால் அந்தக் கேலியைத் தாங்கிக்கொள்ளத் தெருவில் துணை இருந்திருக்காது.

1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் கூற வேண்டும். புதிதாகக் கற்ற எழுத்து, பயன்பாடு இல்லையேல் மறந்துபோகும். அறிவிப்பு விழாக்கள் முடிந்தபின் தொடர்கல்விக்கான ஏற்பாடுகள் நாட்டின் பல இடங்களில் முதற்கட்ட விரைவோடு நடைபெறவில்லை. வாசிக்க நூலின்றி எழுத்தை இழந்தோரும் உண்டு. உள்ளூர்த் தொண்டர் என்பதனாலேயே எல்லாம் நிலைத்துவிடும் என்று கருத இடமில்லை. தொண்டரின் உழைப்பைத் தாங்கிப்பிடிக்க நூலகமும் நிதியும் அரசின் கவனமும் பல்லாண்டுகள் தொடர வேண்டும்.

ஔவை இல்லம்

தொடர்ச்சிக்குப் புதுக்கோட்டை இன்னொரு சான்றையும் தந்துள்ளது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் பயின்ற மன்னர் கல்லூரியில் படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். அம்முறையிலிருந்து மீண்ட சிறுமியர்க்கு விடுதிகள் இடமளிக்க மறுத்த நிலையில், அவர்களைத் தம் வீட்டிலேயே ஏற்றார். 1930களின் தொடக்கத்தில் அதுவே ஔவை இல்லமாக மலர்ந்தது. உணவும் உறைவிடமும் அளித்ததோடு அவர் நிற்கவில்லை. அங்கே வளர்ந்த பெண்கள் கல்வி கற்றுத் தம் காலில் நிற்க வழிசெய்தார். 1968இல் அவர் மறைந்தபின்னும் சென்னை அடையாற்றில் அவ்வில்லம் இயங்கிவருகிறது. கதவைத் தட்டிய சிறுமியரைச் சில வாரம் வைத்திருந்து அனுப்பிவிடும் எண்ணம் அவருக்கு இருந்திருந்தால், அக்கதவை அவர் திறவாதிருந்ததே நன்றாக இருந்திருக்கும்.

மாலைநேர வகுப்புகள்

பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறக்கப்பட்டன. திறன்பேசி இல்லாத வீட்டுக் குழந்தைகள் எழுத்துகளையே மறந்திருந்தனர். 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டது. மாலை ஐந்து மணி முதல் ஏழு மணிக்குள், குழந்தைகளின் குடியிருப்பிலேயே வகுப்பு. ஒரு தன்னார்வலருக்கு ஏறத்தாழ இருபது குழந்தைகள். மாநிலம் முழுவதும் ஏறக்குறைய 2 லட்சம் தன்னார்வலர்கள் இதில் இணைந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அதே தெருவில் வாழும் பெண்கள்.

இம்முயற்சியின் பயனைப் பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் அளந்து பார்த்தனர். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது; அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது; வறிய குடும்பத்துக் குழந்தைகள் கூடுதலாகப் பயனடைந்தனர் என்பது அவர்களின் முடிவு. முப்பதாண்டுகளுக்கு முன் திண்ணையில் நடந்த அறிவொளி வகுப்பின் முறை மீண்டும் ஒருமுறை மெய்ப்பிக்கப்பட்டது எனலாம்.

எனினும், இத்தன்னார்வலர்களுக்கு வழங்கப்பட்டது மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை மட்டுமே. தொண்டு என்னும் சொல் குறைந்த ஊதியத்திற்கு மறுபெயராகிவிடக் கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் முப்பது மாணவர்க்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று வரையறுக்கிறது. அந்த ஆசிரியரின் இடத்தைத் தன்னார்வலரைக் கொண்டு நிரப்புவது குழந்தைக்கும் நன்றன்று, தன்னார்வலருக்கும் நன்றன்று.

ஏழு நாள் முகாம்

மேல்நிலைப் பள்ளி மாணவர் பலர் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பர். காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி, 1969 செப்டம்பர் 24ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்ட திட்டம் அது. ஆண்டிற்கு 120 மணி நேரப் பணியும், ஏதேனும் ஒரு சிற்றூரில் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் நடைமுறை. கிபேராவிற்குச் செல்லும் இளைஞருக்கும் முகாமிற்குச் செல்லும் மாணவருக்கும் உள்ள வேறுபாடு பெரிதன்று. இருவரும் வெளியார், இருவருக்கும் நாள்கள் சிலவே. முகாம் மாணவருக்கு ஊராரின் மொழி தெரியும் என்பது ஒரு பேறு. முகாம் நடந்த ஊர் பெரும்பாலும் பள்ளிக்கு அருகிலேயே இருப்பது மற்றொரு பேறு.

ஏழு நாளில் செய்து முடிக்கத்தக்க பணிகள் பல உள்ளன. கண்மாய்க் கரையில் மண்டிய கருவேலத்தை வெட்டலாம். பள்ளி வளாகத்தைத் தூய்மை செய்யலாம். கண் பரிசோதனை முகாமிற்கு முதியோரை அழைத்து வரலாம். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர விரும்பினால் முதல் நாளிலேயே ஒரு வேலை இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அவ்வூரிலேயே இருக்கும் அக்காவோ அண்ணனோ யாரெனத் தேட வேண்டும். ஏழு நாளும் அவரே வகுப்பை நடத்த, முகாம் மாணவர்கள் அவருக்கு உதவியாளராக அமரலாம். எந்தக் குழந்தை கூட்டலில் தடுமாறுகிறது, எவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே வரவில்லை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதலாம். கதைநூல்களைத் திரட்டி அவர் வீட்டிலேயே வைத்துவிடலாம். பிரியும்போது, 'மீண்டும் வருவோம்' என்று குழந்தைகளிடம் எளிதாகச் சொல்லிவிடாமல், மாதம் ஒருமுறை வர இயலுமா என்று தங்களுக்குள் பேசி, இயலுமெனில் நாளைக் குறிப்பிட்டுச் சொல்லலாம்.

ஏழாம் நாள் மாலை பேருந்து புறப்படும்போது குறிப்பேடு அந்த அக்காவின் கையில் இருக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு அதைத் திறக்கப் போகிறவர் அவர்.